பின்சீட்டுக் குதிரைமுடி

ஊசிமலைத் தோட்டம், மடுல்சீமை
1925 ஜனவரி 9

ஸஹாப்தீன் நானாவுக்கு முருகையா கணக்கப்பிள்ளை எழுதுவது.

இந்தக் கடிதத்தோடு டிரைவர் வாஹித் ஒரு மோட்டாரையும் உங்கள் கடை வாசலில் நிறுத்துவார். பழைய துரை பன்னிரண்டு வருஷம் ஓட்டிய வண்டி. அவர் சீமைக்குத் திரும்பும்போது, தோட்டத்து நோயாளிகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விட்டுச் சென்றார். அப்படி விட்டுச் செல்லும்படி கேட்டவன் நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன் பங்களாவுக்கு நீங்கள் மெத்தை தைத்துக் கொடுத்தபோது உங்கள் வேலையைப் பார்த்திருக்கிறேன். அதனால் வேறு யாரையும் விசாரிக்கவில்லை.

எஞ்சினில் குறையில்லை. உள்ளேதான் வேலை. பின்சீட்டைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், ஆகையால் எழுதிவிடுகிறேன். போன அக்டோபரில் சின்னராசா என்ற தொழிலாளியின் மனைவி ராக்கம்மா பிரசவ வேதனையில் இந்த வண்டியில் போனாள். பசறை தாண்டி, பதுளைக்கு ஐந்து மைல் இருக்கும்போது இரத்தப்போக்கில் இறந்துவிட்டாள். பிள்ளையும் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து இதில் ஒருவரும் ஏறுவதில்லை. வண்டிக் கொட்டகை இருக்கும் பாதையை விட்டுப் பெண்கள் சுற்றிப் போகிறார்கள். டிசம்பரில் இன்னொருத்தி தொழிலாளர் லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவிலேயே இரண்டு நாள் பிரசவ வேதனையில் கிடந்து இறந்தாள். வண்டி நூறு கெஜம் தள்ளி நின்றது.

என் மனைவி ஜெயலெட்சுமிக்கு இது ஏழாம் மாதம். முதல் பிள்ளை குறுக்கே கிடந்து தங்காமல் போயிற்று. இந்த முறையும் மருத்துவச்சி பெரியாயி அதே சந்தேகம் சொல்கிறாள். அவளுக்காக மட்டும் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

உள்ளே எல்லாம் புதிதாக வேண்டும். முன்பு பார்த்தவர்கள் வேறு வண்டி என்று நினைக்க வேண்டும். ஒரு ஆள் நீட்டிப் படுக்க இடமும் வேண்டும். மார்ச் தொடக்கத்துக்குள் முடியுமா?

முருகையா


கடைவீதி, பதுளை
1925 ஜனவரி 16

கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு,

வண்டி வந்தது. இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் கதவைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்க்காமல் நான் கத்தரிக்கோலை எடுப்பதில்லை.

தோல் முழுக்க வெடித்துப்போயிருக்கிறது. பின்சீட்டில் சுருள்கம்பிகள் பதினொன்று ஒடிந்துவிட்டன, மிச்சமும் சோர்ந்தவை. கூரைக் கித்தான் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. கறை தோலோடு நிற்கவில்லை. அதைப் பற்றி அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

டிரைவருக்கு இடப்பக்கம் இருக்கும் முன்சீட்டைக் கழற்றிவிடுகிறேன். பின்சீட்டிலிருந்து முன்னால்வரை ஒரே நீளமாகப் பலகை போட்டு மெத்தை வைத்தால் படுத்துப் போகலாம். டிரைவருக்குப் பின்னால் கூடப் போகிறவர் உட்காரலாம். தோலுக்குப் பதில் மெழுகுத்துணி போடுவது உத்தமம். துடைத்தால் சுத்தமாகும்.

நீளம் தெரிய என் மனைவி ஸகீனாவைப் பலகையில் படுக்கச் சொன்னேன். வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். "கல்யாணத்துக்குக்கூட என்னை இப்படி அளவெடுக்கல்ல" என்றாள். பிறகு, "வலி வந்தா அந்தப் புள்ள எதைப் பிடிக்கும்?" என்று கேட்டாள். பக்கத்தில் ஒரு தோல் வார் வைக்கப்போகிறேன். எனக்கு அது தோன்றியிருக்காது.

மோட்டாருக்குப் பேய் பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் ஏறுகிறவர்களுக்குத்தானே வண்டி. என்ன நிறம் வேண்டும்?

ஸஹாப்தீன்


ஊசிமலை
1925 பிப்ரவரி 1

நானாவுக்கு,

நிறத்தை வீட்டில் கேட்டேன். "செவப்பு வேணாம். வெள்ளையும் வேணாம், அது பொணத்து மேல போத்துறது" என்றாள் ஜெயலெட்சுமி. பச்சை என்றேன். பெரியாயி பக்கத்தில் இருந்தாள். "நாளெல்லாம் தேயிலையத்தான் பாக்குறோம், சாகப் போறப்பவுமா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் நீலம் என்று முடிவாயிற்று. "நெறத்தச் சொன்னேன், ஏறுவேன்னு சொல்லலை" என்று ஜெயலெட்சுமி உடனே திருத்தினாள்.

வார் வைப்பது நல்லதுதான். பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். அதற்குமேல் அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம் என்று விடுகிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. பிள்ளை நன்றாக அசைகிறது. வேலை எந்த அளவில் இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

முருகையா


பதுளை
1925 பிப்ரவரி 25

கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு,

வேலை முடிந்தது. நாளை வாஹித் வண்டியை எடுத்து வருகிறார்.

சுருள்கம்பி அத்தனையும் மாற்றிவிட்டேன். பலகை, அடிச்சாக்கு, மெழுகுத்துணி, கூரைக் கித்தான், பக்கத் திரைகள் எல்லாம் புதியவை. திரைகளுக்கு உள்ளிருந்து கொக்கி வைத்திருக்கிறேன், படுத்திருப்பவரே இழுத்து மூடலாம். கால்மாட்டில் தண்ணீர்க் குடுவை வைக்க ஒரு பை. வார் இடக்கைப் பக்கம். அதில் நானே தொங்கிப் பார்த்தேன், தாங்குகிறது.

முப்பது வருஷத்தில் நான் செய்த மெத்தைகளில் இதை நல்லதென்று சொல்வேன். நாலு விரல் அழுத்தினால் தெரியும். லுணுகலை ரோட்டுக் குழியெல்லாம் முதுகுக்கு வந்து சேராது.

நோன்புக்கு முன் பிரசவச் செய்தி கிடைத்தால் ஸகீனா சந்தோஷப்படுவாள்.

ஸஹாப்தீன்


ஊசிமலை
1925 மார்ச் 3

நானாவுக்கு,

வண்டி வந்த மறுநாள் காலை அதை, ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்திலேயே நிறுத்தச் சொன்னேன். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் முன், கதவுகளைத் திறந்து எல்லோரையும் வரிசையாக வந்து பார்க்கச் சொன்னேன். ஆண்கள் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள். பெண்கள் வெளியே நின்று கையை நீட்டித் தொட்டார்கள். "மேல உள்ள துணி மட்டுமில்லை, உள்ளே அடைச்சிருக்கிறதுகூடப் புதுசு. பழசு ஒரு துரும்பு இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சின்னராசாவும் நின்றுகொண்டிருந்தான். அவன் வண்டியின் பக்கத்தில் வரவில்லை.

இரண்டு கர்ப்பிணிகளின் வீட்டார் அன்று மாலையே வந்து விசாரித்தார்கள். ஜெயலெட்சுமி மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"நீங்க சொல்றீங்க. உங்களுக்கு வண்டி ஓடணும். தச்சவரு சொல்லட்டும்."

"அவர் பதுளையில இருக்கார்."

"எழுதித் தரட்டும். உள்ள என்ன வச்சாருன்னு அவரு கைக்குத்தானே தெரியும்."

பெரியாயியும் சேர்ந்துகொண்டாள். "நோன்பு வருது. இந்த நேரத்துல பாய் பொய் எழுத மாட்டாரு" என்றாள்.

ஆகையால் உங்கள் கையால் ஒரு வரி வேண்டும். உள்ளே இருப்பது அனைத்தும் புதியது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அந்த வரி வந்தால் ஏறுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். இன்னும் மூன்று வாரம் இருக்கலாம் என்று பெரியாயி சொல்கிறாள்.

முருகையா


பதுளை
1925 மார்ச் 6

கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று தடவை பேனாவை வைத்துவிட்டேன்.

மெத்தைக்குள் இருக்கும் குதிரைமுடி பழையது.

எங்கள் தொழிலில் அதை யாரும் எறிவதில்லை. சீமையிலிருந்து வந்த சுருட்டை முடி, ஐம்பது வருஷம் போனாலும் துவளாது. சீட்டைப் பிரித்தால் முடியை எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கொதிக்கவைத்து, காயப்போட்டு, கையால் பிய்த்து மறுபடி அடைப்போம். அடைத்த சீட்டைப் புது சீட்டு என்றுதான் சொல்வோம். என் வாப்பா அப்படிச் செய்தார், நானும் அப்படியே செய்தேன். கறை பட்டிருந்த இடம் இரண்டு சாண் அகலம் இருக்கும். அதையும் சேர்த்துத்தான் கழுவினேன். ஏழு முறை தண்ணீர் மாற்றினேன். மூன்று நாள் வெயிலில் கிடந்தது. எங்கள் மார்க்கத்தில் கழுவியது சுத்தம். உங்கள் ஆட்களுக்கு அது போதாது என்பது என் புத்தியில் ஏறவேயில்லை. கறையைக் கண்டபோது உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

நீங்கள் கேட்ட வரியை எழுத என்னால் முடியாது. வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். நாலு நாளில் முடியை எடுத்துவிட்டுத் தென்னநார் அடைத்துத் தருகிறேன்.

ஸஹாப்தீன்


ஊசிமலை
1925 மார்ச் 9

நானாவுக்கு,

வண்டியை அனுப்ப முடியாது. மூன்றாம் மைல்கட்டைக்குப் பக்கத்தில் மண் சரிந்து ரோட்டை மூடிக் கிடக்கிறது. தபால்காரன் மேட்டில் ஏறி இறங்கி வருகிறான். வழி திறக்கப் பத்து நாளாகும் என்றார்கள். நேற்றுப் பெரியாயி தடவிப் பார்த்துவிட்டுப் பிள்ளை குறுக்கேதான் கிடக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

உங்களிடம் நான் கேட்பது ஒரு வரி. குதிரைமுடி கழுவப்பட்டது என்கிறீர்கள். எனக்கும் அது போதும். நான் மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். போதாது என்று சொல்கிறவள் உயிர் பிழைக்க வேண்டும். உங்கள் நேர்மை உங்களுக்கு அவ்வளவு பெரிதா?

கோபத்தில் எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்துவிடவும் இல்லை, அப்படியே போகட்டும். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்.

ராக்கம்மா தானாக ஏறவில்லை. மோட்டார் என்றாலே பயந்தாள். கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வேணாங்க ஐயா, இங்கயே கெடக்கேன்" என்றாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். துணைக்கு ஒரு பெண் வருகிறேன் என்றதையும், பாரம் கூடும் என்று தடுத்தேன். சின்னராசா மலையில் வேலையில் இருந்தான். வாஹித் எல்லாவற்றையும் பார்த்தார். அவளுடைய நன்மைக்குத்தான் செய்தேன், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஆனால் என் மனைவியின் விரல்களை என்னால் அப்படி எடுக்க முடியாது. ஏன் அவளுடையதை எடுக்க முடிந்தது என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன். விடை தெரியாமல் இல்லை.

அந்த வரியை அனுப்புங்கள்.

முருகையா


பதுளை
1925 மார்ச் 12

ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஸகீனாவுக்குப் படித்துக் காட்டினேன். கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டாள்.

"தொழுதுகிட்டு இருக்கும்போது புள்ள கிணத்துல விழுந்தா, தொழுகைய விட்டுட்டு ஓடத்தானே சொல்லியிருக்கு? நீங்க மட்டும் முடிச்சிட்டுத்தான் எழும்புவீங்களா?" என்று கேட்டாள்.

அவள் போய் மைக்கூட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

நீங்கள் கேட்ட வரி தனித்தாளில் இத்துடன் இருக்கிறது. எழுதியது நான், அதன் பாரம் என்னுடையது. காட்டுவதா வேண்டாமா என்பது உங்களுடையது.

சனிக்கிழமை காலை தென்னநார் மூட்டையோடு புறப்படுகிறேன். பசறை வரை பஸ், பிறகு மாட்டுவண்டி, சரிவுக்கு மேல் நடை. நான் வந்து சேரும்வரை பிள்ளை பொறுத்திருந்தால் அந்தத் தாள் தேவைப்படாது.

ஸஹாப்தீன்


கடைவீதி, பதுளை
1925 மார்ச் 18

நானாவுக்கு,

நான் உங்கள் வீட்டுத் திண்ணைப் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், நீங்கள் ஊசிமலையில் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இறங்கி வந்தபோது வழியில் மூட்டையோடு ஒதுங்கி நின்றது நீங்கள்தான் என்று வாஹித் பிறகுதான் சொன்னார். திரைகள் மூடியிருந்தன. நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மாலை ரோட்டில் ஒரு வண்டி போகும் அகலம் திறந்தார்கள். ஞாயிறு காலை வலி கண்டது. உங்கள் தாளை எடுத்து அவளுக்குப் படித்தேன். முழுவதையும் கேட்டாள்.

"நீங்க இதை நம்புறீங்களா?"

"நம்புறேன்."

"அப்ப ஒரு நாளாவது அதுல உட்கார்ந்தீங்களா? பெரட்டுல எல்லாரையும் ஏறச் சொன்னீங்களாம். நீங்க ஏறலையாமே."

உண்மைதான், நானா. கழுவியதும் புதியதும் ஒன்றுதான் என்று பேசியவன், வண்டி வந்து பதினைந்து நாளாக அதன் மெத்தையில் கைகூட வைக்கவில்லை. எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முடி பழையது, இரத்தம் பட்டது, தாள் நான் கேட்டு வாங்கியது. ராக்கம்மாவின் விரல்களையும் சொன்னேன். ஒரு வலி வந்து போனது.

"முதல்ல நீங்க போய் அதுல படுங்க" என்றாள்.

லயத்து ஆட்கள் கூடியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன். படுத்தால் கூரைக் கித்தானைத் தவிர ஒன்றும் தெரிவதில்லை. மரமோ, வழியோ, முகமோ தெரியாது. ராக்கம்மா இருபது மைலுக்கு மேல் இப்படிக் கித்தானை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. "போதும், எழுந்திரிங்க" என்று ஜெயலெட்சுமியின் குரல் கேட்டது. அவளாகவே கால் வைத்து ஏறினாள். பெரியாயியும் கூட ஏறினாள். "என்னைத் தூக்கிட்டுப் போயி எந்தப் பேய் கஞ்சி ஊத்தும்" என்று சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். நான் மெத்தை ஓரத்தில் ஜெயலெட்சுமியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வழி முழுக்க வாரை விடவில்லை அவள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை உள்ளே விட்டுப் பிள்ளையைத் திருப்பி எடுத்தார். பெண் குழந்தை. அழ நேரமாயிற்று, ஆனால் அழுதது. தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறது. இன்னும் மூன்று நாள் போகட்டும் என்கிறார்கள். ஸகீனா அம்மா மத்தியானந்தோறும் கஞ்சி கொண்டுபோகிறார்கள்.

வாஹித் வண்டியோடு மேலே வருகிறார். மெத்தையைப் பிரிப்பதானால் சின்னராசாவைக் கேட்டுச் செய்யுங்கள். கேட்கும் உரிமை எனக்கு இல்லை. விரல்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லிவிட வேண்டாம். அது நான் சொல்ல வேண்டியது. உங்கள் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

முருகையா


ஊசிமலை
1925 மார்ச் 21

ஐயாவுக்கு,

தாளைத் தேயிலை உலர்த்தும் ஸ்டோர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

நேற்றுப் பெரட்டுக் களத்தில், சின்னராசாவிடம் கேட்டுவிட்டு, எல்லோரும் பார்க்க மெத்தையைப் பிரித்தேன். இது பழைய முடி, புதியதென்று உங்களுக்குச் சொல்லப்பட்டது என் தவறால் என்று சொன்னேன். சிலர் விலகிப் போனார்கள். எரிக்கச் சொன்னார்கள் சிலர். சின்னராசா முன்னால் வந்து, "எனக்குக் குடுங்க" என்றார்.

கழுவிக் கலந்துவிட்டேன், இதில் அவருடைய மனைவியின் அடையாளம் ஒன்றும் மிஞ்சவில்லை என்று விளக்கினேன்.

"கழுவினா என்னங்க. கடைசியா அவ படுத்திருந்தது இதுலதானே."

சாக்கில் கட்டிக் கொடுத்தேன். அவளைப் புதைத்த இடத்துக்குத் தூக்கிப் போனார். நானும் கூடப் போனேன், அவர் தனியாக மண்வெட்டி பிடிக்க வேண்டாம் என்று. குழியை மூடிய பிறகு சின்னராசா சொன்னார்.

"அவ கையை எடுத்துவிட்டது யாருன்னு வாஹித் அன்னைக்கே சொல்லிட்டாரு. ஐயா வந்து சொல்வாருன்னு அஞ்சு மாசமா இருக்கேன்."

"வந்தால் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலை. வரட்டும்."

விரல்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்கள் கேட்டுக்கொண்டபடி. அவர் கோபமாக இருக்கிறாரா என்று என்னால் சொல்ல முடியாது.

தென்னநார் அடைத்துத் தைத்துவிட்டேன். முடியைவிடக் கொஞ்சம் கடினமாக இருக்கும். இன்று காலை ஒரு கர்ப்பிணியின் மாமியார் வந்து ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டுப் போனார். இன்னும் மூன்று நாளில் வாஹித்தோடு நான் இறங்கி வருகிறேன், அதே வண்டியில் நீங்கள் திரும்பலாம். காய்ச்சல் விட்டிருக்கும், இன்ஷா அல்லாஹ்.

தோட்டத்துக்கு வந்ததும் வீட்டுக்குப் போக வேண்டாம். சின்னராசாவின் காம்பரா மேல் லயத்தில் நாலாவது. முதலில் அங்கே போங்கள்.

ஸஹாப்தீன்